சுட்ட மண்ணா, சுடாத மண்ணா?

போத்தனூரிலிருந்து செட்டிபாளையம் போகிற வழியில் என் மாமாவுக்கு ஒரு வீடு இருந்தது. 'இருந்தது' என்று எழுதும்போதே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். இப்போது இல்லை. அது போன கதைக்கு முன்னால், ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மாமா பையனுக்கு லோன் வேண்டியிருந்தது. வீட்டையும் இடத்தையும் அடமானம் வைக்கலாம் என்று ஒரு வங்கிக்குப் போனார்கள். மதிப்பீட்டாளர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். நாலு போட்டோ எடுத்தார். கொடுத்த மோரைக் குடித்தார். ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. இடத்துக்கு ஒரு தொகை போட்டிருந்தது. வீட்டுக்கு நேராக ஒரு சின்னக் கோடு. அதாவது, மதிப்பு ஒன்றுமில்லை!

வேடிக்கை என்னவென்றால், வீட்டை ஒட்டி ஒரு ஷெட் உண்டு. ஹாலோபிளாக் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். உர மூட்டை, பழுதான மோட்டார், ஓடாத டி.வி.எஸ். 50 எல்லாம் அதில் கிடக்கும். அந்த ஷெட்டுக்கு மதிப்புப் போட்டிருந்தார்கள்.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். 'கட்டி எழுபது வருஷமாச்சு, புத்தக மதிப்பு பூஜ்யம்' என்று எழுதியிருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். காரணமாக எழுதியிருந்தது வயது இல்லை. 'மண் சுவர்'. இரண்டே வார்த்தை.

மாமா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "ஏனுங் மாப்ள... மூணு தலமொறயா குடியிருந்திருக்கறோம். அப்ப நாங்க இருந்தது வூடே இல்லீங்களா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வாரம் உங்களோடு சேர்ந்து தேடிப் பார்க்கிறேன்.

* * *

ஔவையாரிடம் நாவல் மரத்து மேலிருந்து முருகன் என்ன கேட்டார்? சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா? நம் சர்க்காரும் வீடு வீடாக வந்து ஏறக்குறைய அதையேதான் கேட்கிறது. உன் வீட்டுச் சுவர் சுட்ட மண்ணா, சுடாத மண்ணா? சுட்ட மண் என்றால் செங்கல்; அது 'பக்கா'. சுடாத மண் என்றால் 'கச்சா'. இந்தியில் பக்கா என்றால் வெந்தது, பழுத்தது. கச்சா என்றால் பச்சை. சூளையில் வைக்காத கல்லை நம்மூரிலும் பச்சைக் கல் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அப்படிச் சொல்வதில் இளக்காரம் கிடையாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடுகளை நிரந்தரம், அரை நிரந்தரம், தற்காலிகம் என்று பிரித்தார்கள். நிரந்தரச் சுவர் பட்டியலில் செங்கல், கல், கான்கிரீட் எல்லாம் இருக்கின்றன. சரி. கூடவே தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் இருக்கின்றன! தற்காலிகச் சுவர் பட்டியலில் புல், ஓலை, மூங்கில், பிளாஸ்டிக், பாலிதீன்... அதே வரிசையில் மண்ணும் சுடாத செங்கல்லும். அதாவது, ஒரு தகரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் நிரந்தரம். இரண்டடி கனத்தில் மண் சுவர் எழுப்பினால் அது பாலிதீன் பைக்குச் சித்தப்பா மகன்.

அதே 2011-ல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பில், கிராமத்து ஏழ்மைக்கு முதல் அடையாளமாக வைத்ததே 'கச்சா சுவரும் கச்சா கூரையும் கொண்ட ஒற்றை அறை வீடு' என்பதைத்தான். நோக்கம் நல்ல நோக்கம். ஏழையைக் கண்டுபிடித்து வீடு கொடுக்க வேண்டும். அதை நான் குறை சொல்லவில்லை. ஏழ்மையை அளக்க வந்த கோல், மண்ணையே ஏழ்மை என்று அளந்துவிட்டது. என் புகார் அது.

இந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போங்கள். அங்கே தாபோ என்ற ஊரில் கி.பி. 996-ல் தொடங்கிய புத்த மடாலயம் மண் சுவரோடு நிற்கிறது. ஏமன் நாட்டில் ஷிபாம் என்ற ஊர் இருக்கிறது. சுடாத செங்கல்லில் ஆறு மாடி, ஏழு மாடி வீடுகள். 16-ஆம் நூற்றாண்டில் உருவான ஊர் அமைப்பு அது. 1982-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் கணக்கெடுப்பாளர் போனால் அந்தச் சுவர்களையெல்லாம் 'தற்காலிகம்' என்று எழுதிவிட்டு வருவார்.

தாபோவும் ஏமனும் மழை குறைந்த பூமி, நம்மூர் அப்படியா என்று கேட்பீர்கள். நம்மூரும் மழை குறைந்த பூமிதான். மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்துக்கொண்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றை மட்டும் அனுப்பிவைக்கிறது. கோவைப் பக்கம் வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிய விஷயம். பல்லடம், காங்கேயம், தாராபுரம் என்று கிழக்கே போகப் போக மண் இன்னும் காய்ந்து கிடக்கும். மண் சுவர் வைக்க இதைவிடத் தோதான ஊர் எது?

* * *

மாமா வீட்டுச் சுவரை எப்படி வைத்தார்கள் என்று, சின்ன வயசில் கூடமாட வேலை செய்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "மண்ணைக் கொத்திப் போட்டு, தண்ணி உட்டு, ராத்திரி பூரா ஊற வெக்கோணுங். காத்தால எறங்கி மிதிக்கோணும். வெக்கப்புல்லு நறுக்கிப் போட்டு மறுக்கா மிதிக்கோணும். அப்பறம் உருண்டை புடிச்சு வெச்சுட்டே போறது. ஒரு நாளைக்கு ஒரு மொழந்தானுங். அது காஞ்சாத்தான் அடுத்தது. அவசரப்பட்டா அடிவவுறு தள்ளிப்போடும்" என்றார்.

அடியில் கருங்கல் கடைக்கால், தரைக்கு மேலே இரண்டடி உயரம். அதற்கு மேல்தான் மண். சுவருக்கு வெளியே சுண்ணாம்புக் காரை. மேலே சீமை ஓடு. ஓடு சுவரோடு நின்றுவிடாது. மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டு தாவாரமாக இறங்கும். எவ்வளவு சாய்த்து அடித்தாலும் மழை சுவரைத் தொடாது.

ஏப்ரல் மாத மத்தியானம் அந்த ஆசாரத்தில் நான் எத்தனையோ தடவை படுத்துத் தூங்கியிருக்கிறேன். வெளியே 37 டிகிரி. அந்த வெயில் இரண்டடி மண்ணைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் கதவைத் திறந்துவிட்டால் கணவாய்க் காற்று வந்துவிடும். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் இதை நேர்மாறாகச் செய்யும். பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, நீங்கள் படுக்கிற நேரத்தில் உங்கள் மேல் துப்பும்.

இங்கிலாந்தில் டெவன் என்று ஒரு மாவட்டம். நிறைய மழை பெய்யும். அங்கேயும் பழைய மண் சுவர் வீடுகள் ஏராளம். மண் சுவருக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் இருந்தால் போதும் என்பது அந்த ஊர்ச் சொலவடை. தொப்பி என்றால் கூரை, பூட்ஸ் என்றால் கடைக்கால். மண் சுவர் தானாகச் சாவதில்லை. தலையோ காலோ நனைந்துதான் சாகும்.

மூன்றாவதாக ஒரு சாவும் உண்டு. அன்பினால் வருவது. 'செவுரு உதிருதே' என்று கவலைப்பட்டு மண் சுவர் மேல் சிமென்ட் பூசிவிடுவார்கள். சுவரும் சிமென்ட்டும் ஒட்டாது. விரிசல் வழியாக ஈரம் உள்ளே போகும். வெளியே வர வழியிருக்காது. புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டிய மாதிரி, மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே கூழாகிக்கொண்டிருக்கும். ஒருநாள் ராத்திரி மழையில் விழும். காலையில் பேப்பரில் 'மண் சுவர் இடிந்து' என்று செய்தி வரும். சிமென்ட் பெயர் அதில் வராது.

* * *

மண் வீடு என்றால் உலகம் தெரியாத வீடு என்று நினைக்காதீர்கள். போத்தனூருக்கு 1862-லேயே ரயில் வந்துவிட்டது. மெட்ராஸையும் மலபார்க் கரையையும் இணைத்த பாதை அது. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். மேற்குக் கடற்கரையின் சீமை ஓடு கொங்கு நாட்டு மண் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தது. ஓலையைவிட நல்ல தொப்பி கிடைத்ததும் மண் சுவர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டது. அவ்வளவு தாராளம்.

பிறகு 1934-ல் பக்கத்திலேயே மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்தது. அதுவரை அந்தச் சுற்றுவட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் காளவாயில் வெந்து சுண்ணாம்பாகி நம் சுவருக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் குனியமுத்தூர்ப் பக்கம் 'சுண்ணாம்புக் காளவாய்' என்று பஸ் ஸ்டாப் உண்டு. காளவாய் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

சிமென்ட் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. கிணற்றுக்கும் தொட்டிக்கும் பாலத்துக்கும் அதுதான் வேண்டும். ஆனால் சிமென்ட் வந்ததோடு ஒரு நினைப்பும் வந்தது. அது இருந்தால்தான் வீடு, இல்லாவிட்டால் குடிசை.

இந்த நினைப்பு ஏழைகளுக்கு ஏன் பிடித்துப்போனது என்பதையும் பார்க்க வேண்டும். மண் வீட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பலரும் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. எங்கள் மாமா வீட்டுச் சுவரும் மண்தான். பண்ணையத்தில் வேலை செய்தவர்களின் காலனி வீட்டுச் சுவரும் அதே மண்தான். மாமா வீடு மேட்டில். கருங்கல் கடைக்கால், சுண்ணாம்பு, ஓடு. காலனி இருந்தது தண்ணீர் வந்து நிற்கிற பள்ளத்தில். கடைக்கால் பேருக்கு, மேலே பனையோலை. தொப்பியும் இல்லை, செருப்பும் இல்லை. ஐப்பசி மழையில் விழுவது அந்தச் சுவர்தான். தூங்குகிற பிள்ளை மேல் விழுவதும் அந்தச் சுவர்தான்.

ஆகவே, சர்க்கார் தொகுப்பு வீடு கொடுத்தபோது ஜனங்கள் சந்தோஷப்பட்டதில் ஆச்சரியமே இல்லை. அந்தக் கான்கிரீட் அவர்களுக்கு மரியாதை. 2010-ல் குடிசைகளையெல்லாம் கான்கிரீட் வீடாக்கும் திட்டம் வந்தது. 2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. ஓலைக்குப் பதிலாக நல்ல கூரை, யார் வேண்டாமென்பது? ஆனால் பழைய தொகுப்பு வீடு எதிலாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? காரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிற கூரைகள் எத்தனை? ஏழைக்கு அன்றைக்கு மட்டமான மண் வீடு கிடைத்தது. பிறகு மட்டமான கான்கிரீட் வீடு கிடைத்தது. மாறியது சாமான், மட்டம் மாறவில்லை.

* * *

எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்று ஒரு கட்டடக் கலைஞர். நைல் நதி ஓரம், லக்ஸர் பக்கத்தில் புது குர்னா என்று ஒரு கிராமத்தையே 1940-களில் சுடாத செங்கல்லில் கட்டத் தொடங்கினார். சாரம் கட்டாமலே குவிமாடம் எழுப்பத் தெரிந்த நூபியக் கொத்தனார்களைக் கூட்டி வந்தார். அந்த அனுபவத்தை அவர் எழுதிய 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்ற புத்தகம் உலகம் முழுவதும் கட்டடக் கலை மாணவர்களுக்கு வேதம் மாதிரி. போட்டோவில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல் இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். யாருக்காகக் கட்டினாரோ அந்த ஜனங்கள் குடிவரவில்லை! பழைய கல்லறைகளின் மேல் இருந்தது அவர்களுடைய ஊர். பிழைப்பும் அங்கேதான். அதை விட்டு வர மனசில்லை. குவிமாடம் வேறு அவர்களுக்குச் சமாதியை ஞாபகப்படுத்தியது என்று பின்னால் வந்த விமர்சகர்கள் எழுதினார்கள். ஃபாத்தியின் புத்தகத்தில் அதிகாரிகள் மேலும் கான்ட்ராக்டர்கள் மேலும் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் 'ஏழைக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்' என்ற குரல் அந்தப் புத்தகத்தின் அடியில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நம்மூர்ப் படிவத்தின் குரலும் அதேதான். ஒன்று மண்தான் நல்லது என்கிறது, இன்னொன்று மண் ஆகாது என்கிறது. இருக்கப்போகிறவரை இரண்டுமே கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் மறைந்தவர். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கிற பொருளைக் கொண்டு கட்டு என்ற காந்தியின் யோசனையை அவர் திரும்பத் திரும்பச் சொல்வார். 'எங்க போத்தனூருக்கு அஞ்சு மைலுக்குள்ள சிமென்ட் ஆலையே இருக்குதே' என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள், அவருக்குக் கோபம் வந்திருக்காது. சிமென்ட்டை அவர் விலக்கியவர் இல்லை, தேவையில்லாத இடத்தில் கொட்டாதே என்றவர். கேரள மழையில் நின்றுகொண்டே மண் சுவரைப் பற்றிச் சின்னப் புத்தகம் போட்டவர். ஒவ்வொரு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசி, அவர்களுக்கென்று தனியாக வரைந்தார். ஃபாத்தியின் கிராமம் அழகு. பேக்கரின் வீடுகளில் ஆள் இருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கமும் ஆனைகட்டிப் பக்கமும் 'மட் ஹவுஸ்' என்று போர்டு வைத்த ரிசார்ட்டுகள். ஒன்றில் ஒருநாள் தங்கினேன். சுவரைச் சுண்டிப் பார்த்தேன். ஹாலோபிளாக்! மேலே செம்மண் நிற டெக்ஸ்சர் பெயின்ட். உள்ளே ஏ.சி. அங்கே ஒரு ராத்திரிக்குக் கொடுத்த காசுக்கு, மாமா வீட்டுக்கு மூன்று வருஷம் சுண்ணாம்பு அடித்திருக்கலாம்.

* * *

இதையெல்லாம் மாமா வீட்டில் உட்கார்ந்து ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். இடிக்கவே கூடாது என்றேன். 'பராமரிப்புச் செலவே இல்லாத வீடு மாமா இது' என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதுவரை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்கினார்.

"செலவில்லேன்னு ஆருங் மாப்ள சொன்னது? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சாணி கரச்சு வழிச்சது ஆரு? எலி தோண்டற எடமெல்லாம் மண்ணு வெச்சு அடச்சது ஆரு? வருசா வருசம் நோம்பிக்கு முன்னால சுண்ணாம்பு அடிச்சுக் கையி வெந்துபோனது ஆருக்கு? நீங்க லீவுக்கு வந்து குளுகுளுன்னு தூங்கிட்டுப் போயிட்டீங்க. பத்திரிகைல எழுதறீங்கல்ல... அந்தக் குளுமைக்கு ஆரு வேல செஞ்சாங்கன்னு அதயும் எழுதுங்க."

எழுதிவிட்டேன் அத்தை.

கணக்குப் படித்தவனுக்கு இது சம்மட்டி அடி. நாற்பது வருஷக் கூலி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஏறாததால் அதைப் பூஜ்யம் என்று நினைத்துவிட்டேன். மதிப்பீட்டாளர் வீட்டுக்குப் போட்ட கோட்டை நான் அத்தைக்குப் போட்டிருந்தேன்!

ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் ஜென்னே என்று ஓர் ஊர். இப்போதுள்ள பெரிய மசூதி 1907-ல் கட்டியது, முழுக்க மண். வருஷத்துக்கு ஒருமுறை ஊரே கூடி, மேளதாளத்தோடு அதற்கு மண் பூசுகிறது. இளவட்டங்கள் போட்டி போட்டு ஏறுகிறார்கள். பராமரிப்பு அங்கே திருவிழா. நம்மூரில் அது ஒரு பொம்பளையின் இடுப்பு. அந்த இடுப்பு ஓய்ந்த வருஷம் வீடும் ஓய்ந்தது.

* * *

அப்படியென்றால் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். எல்லாரும் மண் வீட்டுக்குத் திரும்புங்கள் என்று சொல்லமாட்டேன். எனக்கு அத்தையிடம் இன்னொரு தடவை வாங்கிக்கட்டிக்கொள்ள முடியாது.

ஆனால் சுடுகிற மண்ணுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கோவைக்கு வடமேற்கே தடாகம் பள்ளத்தாக்கு. செங்கல் சேம்பர்களுக்காகச் செம்மண்ணை வெட்டி வெட்டி, யானை நடக்கிற பூமியெல்லாம் பாதாளமாகப் போனது. வழக்குகள் நடந்து, 2021-ல் அங்கே 180-க்கும் மேற்பட்ட சேம்பர்களை மூடினார்கள். அங்கிருந்து லாரி ஏறிய கல் எல்லாம் படிவத்தில் 'நிரந்தரம்'. அது விட்டுவிட்டு வந்த குழிக்கு எந்தக் கட்டமும் இல்லை.

நடுவில் ஒரு வழியும் இருக்கிறது. மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு போல சிமென்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில்லாமல் வெயிலில்லாமல் நிழலிலேயே பதப்படுத்துகிற கல். ஆரோவில்லில் பல வருஷமாகச் செய்கிறார்கள், சொல்லியும் கொடுக்கிறார்கள். வாராவாரம் சாணி கேட்காது. இந்த மாதிரிக் கல்லுக்கு நம் இந்தியத் தர நிர்ணய அமைப்பே விதிமுறை எழுதிவிட்டது. ஐ.எஸ். 1725 என்று எண். ஆக, சர்க்காரின் ஒரு கை சுடாத கல்லுக்குத் தரம் எழுதுகிறது, இன்னொரு கை சுடாத கல்லைப் பாலிதீனோடு சேர்த்து எழுதுகிறது. இரண்டு கையும் ஒருநாள் சந்தித்துப் பேசினால் நல்லது.

என் கோரிக்கை சின்னது. சுவர் எதனால் ஆனது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கால் நனைகிறதா, தலை நனைகிறதா, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பார்த்த பிறகும் பூஜ்யம் என்றால் பூஜ்யம். பார்க்காமலே போட்ட கோட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமா வீடு இரண்டு நாளில் தரைமட்டமானது. சுவர் மண்ணை டிராக்டரில் அள்ளித் தோட்டத்தில் இறைத்தார்கள். பழைய சுவர் மண் பயிருக்கு நல்லது என்பார்கள். கருங்கல்லைப் புது வீட்டுக் கடைக்காலுக்கே போட்டுக்கொண்டார்கள். குப்பை என்று ஒரு கூடைகூட வெளியே போகவில்லை. புது வீட்டை அளக்க மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை மாமா நினைத்ததைவிட அதிகமாகவே எழுதிக் கொடுத்தார்.

போன ஏப்ரலில் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. "வூடு எப்படீங் அத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன்.

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வேக்காடு தாங்கலீங் மாப்ள. ஆனா இடுப்பு வலி போயிருச்சுங்."